மிருதங்கம் மேடையில், செய்தவர் எங்கே? - சென்னை சபாக்களின் நூறாண்டு வழக்கு

டிசம்பர் வந்துவிட்டால் மயிலாப்பூரிலும் தி.நகரிலும் சபா வாசல்களில் பட்டுப்புடவைகளும் அங்கவஸ்திரங்களும் நிறையும். உள்ளே போகிறவர்கள் ராகத்தைப் பற்றிப் பேசுவார்கள், வெளியே வருகிறவர்கள் கேன்டீன் கீரைவடையைப் பற்றிப் பேசுவார்கள். மேடையில் பாடகர் நடுவில் இருப்பார். அவர் பக்கத்தில் மிருதங்கம். பலாமரக் கட்டை, அதன் இரண்டு வாயிலும் தோல். மாட்டுத்தோல், ஆட்டுத்தோல், எருமைத்தோல் என்று மூன்று விலங்குகளின் தோல் சேர்ந்தால்தான் அந்த நாதம் பிறக்கும். தோலைத் தொட்டால் தீட்டு என்று சொன்ன சமூகம், அந்தத் தோல் எழுப்பும் ஒலியை மட்டும் தெய்விகம் என்று சொல்லிக்கொண்டது.

அந்தத் தோலைத் தேர்ந்தெடுத்தவர் யார், முடி நீக்கிப் பதப்படுத்தியவர் யார், வார் பிடித்து இழுத்தவர் யார்? கச்சேரி அழைப்பிதழில் அந்தப் பெயர் இருக்காது. நம் கேள்வி இங்கிருந்துதான் தொடங்குகிறது, தோழர்களே. 'கலைக்குச் சாதி இல்லை' என்று நம்மிடம் அடிக்கடி சொல்கிறார்கள். கலைக்குச் சாதி இல்லாமல் இருக்கலாம். மேடைக்கு உண்டு, விருதுக்கு உண்டு, வாசலுக்கு உண்டு. சென்னையின் இசை, நடன உலகில் நியாயம் கேட்டு நடந்த சண்டைகளின் வரலாற்றைப் படித்தால் இது விளங்கும். இந்த வரலாற்றை நாம் படிக்க வேண்டியது புலம்புவதற்காக அல்ல. கதவு எப்போது திறந்தது, எவருக்குத் திறந்தது, எந்த இடத்தில் மறுபடி சாத்தப்பட்டது என்று தெரிந்துகொள்வதற்காக.

ஒரே டிசம்பர், இரண்டு கூட்டங்கள்

1927 டிசம்பர். சென்னையில் காங்கிரஸ் மாநாடு. அதை ஒட்டி அகில இந்திய இசை மாநாடும் நடந்தது. அந்த மாநாட்டில் பிறந்த யோசனைதான் மியூசிக் அகாடமி. 1928 ஆகஸ்டில் அது முறையாகத் தொடங்கப்பட்டது. இசையைப் பாதுகாப்பது, இலக்கணத்தை ஒழுங்கு செய்வது, ஆண்டுதோறும் மாநாடு நடத்துவது என்பவை அதன் நோக்கங்கள். அதை நடத்தியவர்கள் வழக்கறிஞர்கள், மருத்துவர்கள், அரசு உத்தியோகத்தில் இருந்த மேல்சாதிக் கனவான்கள்.

அதே 1927 டிசம்பரில், 25ஆம் தேதி, மகாராஷ்டிரத்தின் மகாடில் அண்ணல் அம்பேத்கர் தலைமையில் மனுஸ்மிருதி எரிக்கப்பட்டது. அதற்கு ஒன்பது மாதம் முன்புதான், மார்ச் 20 அன்று, சவுதார் குளத்தில் நம் மக்கள் இறங்கித் தண்ணீர் குடித்திருந்தார்கள். ஒரு ஊரில் பொதுக்குளத்தில் நீர் அள்ளும் உரிமைக்குப் போராட்டம். இன்னொரு ஊரில் தேசத்தின் இசை எது என்று தீர்மானிக்கும் மாநாடு. இரண்டும் ஒரே ஆண்டின் கதை. பாடப்புத்தகம் இவற்றைத் தனித்தனிப் பாடங்களாக வைத்திருக்கிறது. நாம் சேர்த்துப் படிக்க வேண்டும்.

இன்னொன்றையும் சேர்த்துப் படிக்கலாம். அகாடமியின் கட்டடத்துக்கு 1955இல் நேரு அடிக்கல் நாட்டினார், 1962இல் அரங்கம் திறக்கப்பட்டது. அது நிற்பது இராயப்பேட்டையை ஒட்டிய பகுதியில். அதே இராயப்பேட்டையிலிருந்துதான் 1907 முதல் பண்டிதர் அயோத்திதாசர் தமது 'ஒரு பைசாத் தமிழன்' இதழை நடத்தினார். தமிழின் இலக்கியமும் மருத்துவமும் பண்டிகைகளும் யாருடைய சொத்து என்று அந்த இதழ் வாரந்தோறும் கேள்வி எழுப்பியது. பண்பாடு யாருடையது என்ற விவாதத்தை அந்த வட்டாரத்தில் தொடங்கி வைத்தது சபாக்கள் அல்ல, நாம்.

படிக்கட்டில் ஒரு படி

சாதி என்பது வெறும் ஏற்றத்தாழ்வு அல்ல, அது படிநிலைப்படுத்தப்பட்ட ஏற்றத்தாழ்வு என்றார் அம்பேத்கர். ஒவ்வொரு படியில் நிற்பவருக்கும் மேலே ஒருவர், கீழே ஒருவர். அதனால் எல்லோரும் சேர்ந்து படிக்கட்டை இடிப்பது கடினம். சென்னையின் கலை உலகச் சண்டைகளைப் புரிந்துகொள்ள இதைவிட நல்ல திறவுகோல் நமக்குத் தெரியவில்லை.

முதலில் நாதஸ்வரம். கோயிலிலும் கல்யாணத்திலும் ஊர்வலத்திலும் நின்றும் நடந்தும் வாசித்தவர்கள் இசை வேளாளர்கள். மேல்துண்டைத் தோளில் போடாமல் இடுப்பில் கட்டிக்கொண்டு வாசிக்க வேண்டும் என்பது பல ஊர்களில் எழுதாத சட்டம். செட்டிநாட்டில் இதை எதிர்த்து நாதஸ்வரக் கலைஞருக்குத் துணை நின்றவர் சுயமரியாதை இயக்கத்தின் பட்டுக்கோட்டை அழகிரி. திருவாவடுதுறை ராஜரத்தினம் பிள்ளை இன்னும் ஒரு அடி போனார். கிராப்பு வெட்டி, ஷெர்வானி அணிந்து, மேடையில் உட்கார்ந்து வாசித்தார். பாடகர் உட்காரும் மேடையில் நாதஸ்வரக்காரர் உட்காரக் கூடாதா என்பது அன்றைக்குப் பெரிய கேள்வி. மியூசிக் அகாடமியின் சங்கீத கலாநிதி பட்டம் 1942இலிருந்து வழங்கப்படுகிறது. ராஜரத்தினம் பிள்ளை 1956 வரை உயிரோடு இருந்தார். நாதஸ்வரச் சக்கரவர்த்தி என்று நாடு கொண்டாடிய அவருடைய பெயர் அந்தப் பட்டியலில் இல்லை.

அடுத்து பெண்கள். திருவையாற்றில் தியாகராஜர் ஆராதனையில் பெண்கள் பாட அனுமதி இல்லாத காலம் இருந்தது. தியாகராஜருக்கு அங்கே சமாதிக் கோயில் எழுப்பத் தன் சொத்தைச் செலவிட்டவரே ஒரு பெண்தான், தேவதாசி மரபில் வந்த பெங்களூர் நாகரத்தினம்மாள். கோயிலைக் கட்டியவருக்கே பாட இடமில்லை. அவர் பெண்களைத் திரட்டித் தனியாக ஆராதனை நடத்தினார். பிறகுதான் கதவு திறந்தது. சங்கீத கலாநிதி பட்டம் ஒரு பெண்ணுக்கு வர 1968 ஆயிற்று. அப்போது பெற்றவர் எம்.எஸ். சுப்புலட்சுமி.

நடனத்தின் கதை இன்னும் சிக்கலானது. 1931இல் மியூசிக் அகாடமி மேடையில் கல்யாணி அம்மாளின் மகள்கள் சதிர் ஆடினார்கள். அடுத்த ஆண்டே டாக்டர் முத்துலட்சுமி ரெட்டியும் வழக்கறிஞர் ஈ. கிருஷ்ணய்யரும் பத்திரிகைகளில் மோதினார்கள். கோயிலுக்குப் பெண்களை நேர்ந்துவிடும் முறை ஒழிய வேண்டும் என்றார் முத்துலட்சுமி ரெட்டி. அந்த நியாயத்தை நாம் ஒருபோதும் குறைத்துச் சொல்ல மாட்டோம். தேவதாசி முறையில் தலித் பெண்கள் பட்ட கொடுமையை அறிந்தவர்கள் நாம். ஆனால் முறை ஒழிந்தபோது ஆட்டம் ஒழியவில்லை, கைமாறியது. 1935இல் அடையாறு பிரம்மஞான சபையில் ருக்மிணி தேவி ஆடினார். 1936இல் கலாக்ஷேத்ரா பிறந்தது. சதிர் என்ற பெயர் போய் பரதநாட்டியம் என்ற பெயர் நிலைத்தது. ஆடினால் இழிவு என்று ஒரு குடும்பத்துக்குச் சொல்லப்பட்டது, ஆடினால் பெருமை என்று இன்னொரு குடும்பத்துக்கு ஆனது. அந்த மரபுக் குடும்பங்களில் வந்த டி. பாலசரஸ்வதிக்கு 1973இல் சங்கீத கலாநிதி தந்தார்கள். நடனக் கலைஞர் ஒருவருக்கு அந்தப் பட்டம் கிடைத்தது அதுவே முதல் முறை.

நந்தனாராக நடித்தவருக்கும் தீட்டு

மூன்றாவது சண்டை மொழியைப் பற்றியது. தமிழ்நாட்டுக் கச்சேரியில் தமிழ்ப் பாட்டு 'துக்கடா'வாகக் கடைசியில் வந்து போனது. 1941இல் அண்ணாமலை நகரில் ராஜா சர் அண்ணாமலை செட்டியார் முன்னின்று நடத்திய மாநாடு, தமிழ்ப் பாடல்களுக்கு உரிய இடம் கேட்டது. அந்த ஆண்டு இறுதியில் மியூசிக் அகாடமி, மொழியைக் காரணம் காட்டி இசையின் தரம் குறையக் கூடாது என்ற நிலைப்பாட்டை எடுத்தது. கல்கியும் ராஜாஜியும் டி.கே.சி.யும் தமிழிசைப் பக்கம் நின்றார்கள். 1943இல் சென்னையில் தமிழ் இசைச் சங்கம் உருவானது. 'தரம்' என்ற சொல்லைக் குறித்துவைத்துக்கொள்ளுங்கள், தோழர்களே. நூறாண்டாகக் கதவைச் சாத்தும் ஒவ்வொரு கையும் அந்தச் சொல்லைப் பிடித்துக்கொண்டுதான் சாத்துகிறது.

இந்தச் சண்டையின் உச்சம் 1946. திருவையாறு ஆராதனையில் எம்.எம். தண்டபாணி தேசிகர் தமிழில் பாடினார். அவர் தமிழில் பாடியதால் சந்நிதானம் தீட்டாகிவிட்டது என்று பேச்சு எழுந்தது. அதைக் கண்டித்து 'தீட்டாயிடுத்து' என்ற தலைப்பில் குடி அரசு இதழில் எழுதியவர் இளைஞர் மு. கருணாநிதி.

இந்தச் செய்தியைத் திராவிட இயக்க மேடைகளில் பலமுறை கேட்டிருப்பீர்கள். நாம் சேர்த்துச் சொல்ல வேண்டியது ஒன்று உண்டு. அதற்கு நான்கு ஆண்டுகள் முன்பு, 1942இல் வந்த ஜெமினியின் 'நந்தனார்' படத்தில் நந்தனாராக நடித்துப் பாடியவர் இதே தண்டபாணி தேசிகர்தான். தில்லைக்குள் நுழைய முடியாமல் வாசலில் நின்ற புலையரின் கண்ணீரைப் பாடியவர் அவர். அந்தப் படத்துக்குச் சபா ரசிகர்களும் கண்ணீர் விட்டிருப்பார்கள். கோபாலகிருஷ்ண பாரதியின் நந்தனார் சரித்திரப் பாடல்கள் இன்றைக்கும் கச்சேரிகளில் பாடப்படுகின்றன. கதைக்குள் இருக்கும் நந்தனார் வேண்டும், பாடுவதற்கு இனிமையாக இருக்கிறார். உயிரோடு வாசலில் வந்து நிற்கும் நந்தனார் வேண்டாம்.

தமிழிசை இயக்கம் வென்றது. தேவாரப் பண்கள் ஆராயப்பட்டன, தமிழ்க் கீர்த்தனைகள் மேடை ஏறின. அது நியாயமான வெற்றி. ஆனால் தமிழிசை என்ற சொல்லுக்குள் பறையும் ஒப்பாரியும் நடவுப்பாட்டும் எத்தனை தூரம் வந்தன? கோயிலில் பாடப்பட்ட தமிழ் உள்ளே வந்தது. வயலிலும் சாவு வீட்டிலும் பாடப்பட்ட தமிழ் வெளியே நின்றது. ஒவ்வொரு போராட்டமும் படிக்கட்டில் ஒரு படி ஏறியது, ஏறிய பிறகு கீழே கை நீட்ட மறந்தது.

செவித்தியானின் வீடு

2020 பிப்ரவரியில் அந்தக் கடைசிப் படி பேசுபொருள் ஆனது. கர்நாடக இசைப் பாடகர் டி.எம். கிருஷ்ணா மிருதங்கம் செய்பவர்களைப் பற்றி ஒரு ஆங்கில நூல் எழுதினார். 'செபாஸ்டியன் அண்ட் சன்ஸ்' என்பது அதன் பெயர். தஞ்சாவூரில் செவித்தியான் என்று அழைக்கப்பட்ட செபாஸ்டியனின் பரம்பரை. அந்தக் குடும்பத்தின் பர்லாந்து, பாலக்காடு மணி ஐயருக்கு மிருதங்கம் செய்து கொடுத்தவர். மணி ஐயரின் நாதம் என்று உலகம் கொண்டாடியதில் பர்லாந்தின் விரலும் காதும் இருந்தன. இந்தத் தொழிலில் இருப்பவர்களில் பெரும்பாலோர் தலித் கிறித்தவர்கள். எந்த மாட்டின் தோல், எந்த இடத்துத் தோல், எவ்வளவு கனம் என்று கையால் தடவிப் பார்த்துச் சொல்லும் அறிவு அது. அதை 'ரிப்பேர் வேலை' என்று சொல்லிவிட்டுப் போயிருக்கிறது இசையுலகம்.

நூல் வெளியீட்டு விழா திருவான்மியூர் கலாக்ஷேத்ராவின் ருக்மிணி அரங்கத்தில் நடப்பதாக இருந்தது. சில நாட்களுக்கு முன் கலாக்ஷேத்ரா அனுமதியைத் திரும்பப் பெற்றது. நூலில் சர்ச்சைக்குரிய, அரசியல் சாயல் கொண்ட செய்திகள் இருக்கின்றன, அரசு நிறுவனம் அதற்கு இடம் தர முடியாது என்பது சொல்லப்பட்ட காரணம். விழா தரமணியில் உள்ள ஆசிய இதழியல் கல்லூரிக்கு மாறியது. ராஜ்மோகன் காந்தியும் எழுச்சித் தமிழர் தொல். திருமாவளவனும் கலந்துகொண்டார்கள்.

யோசித்துப் பாருங்கள். கலாக்ஷேத்ராவின் வகுப்புகளில் மிருதங்கம் ஒலிக்காத நாள் உண்டா? மிருதங்கம் அந்த வளாகத்துக்குள் போகலாம். மிருதங்கம் செய்தவரின் வரலாறு போகக் கூடாது. மாட்டுத்தோல் மேடையில் இருக்கலாம், மாட்டுத்தோல் என்ற சொல் மேடையில் கேட்கக் கூடாது.

நமக்குள்ளும் ஒரு கேள்வியைக் கேட்டுக்கொள்வோம். இந்த வரலாற்றை எழுத ஒரு பார்ப்பனப் பாடகர்தான் வர வேண்டியிருந்ததா? அவர் எழுதியதை நாம் வரவேற்கிறோம். தன் சாதியின் அரங்குக்குள் நின்று அதன் கணக்கைக் கேட்பது எளிதல்ல. ஆனால் செவித்தியானின் பேரப்பிள்ளைகள் தாங்களே எழுதும் நூலுக்கு நாம் காத்திருக்கிறோம். அதை எழுத வைப்பது நம் வேலை.

குப்பமும் சபாவும்

அடையாறின் பிரம்மஞான சபைக்கு இரண்டு மரபுகள் உண்டு. கர்னல் ஆல்காட் 1894இல் பஞ்சமர்களுக்கு இலவசப் பள்ளி தொடங்கினார். அது ஒரு மரபு. நாற்பது ஆண்டு கழித்து அதே சபையின் சூழலில் பரதநாட்டியம் உயர்குடிக் கலையாகியது. அது இன்னொன்று. ஆல்காட்டின் பெயரைத் தாங்கி பெசன்ட் நகர் கடற்கரையில் இருக்கிறது ஊரூர் ஆல்காட் குப்பம் என்ற மீனவக் குப்பம். டிசம்பர் சீசனில் பாடுவதை 2015இல் நிறுத்திக்கொண்டார் கிருஷ்ணா. அதே ஆண்டில் சூழலியல் செயல்பாட்டாளர் நித்தியானந்த் ஜெயராமன் உள்ளிட்ட தோழர்களோடும் குப்பத்து மக்களோடும் சேர்ந்து அந்தக் குப்பத்தில் விழா தொடங்கப்பட்டது. கர்நாடக இசையும் பறையாட்டமும் ஒரே மேடையில் நடந்தன. நல்ல தொடக்கம். ஆனால் குப்பத்துக்குச் சபா வருவது பாதி வேலைதான். சபாவுக்குக் குப்பம் போவது மீதிப் பாதி. அந்தப் பாதி இன்னும் கடினமாகவே இருக்கிறது.

2020 டிசம்பரில் நீலம் பண்பாட்டு மையம் வேறு வழியைக் காட்டியது. மார்கழி உங்களுக்கு மட்டும் சொந்தமா என்று கேட்டு 'மார்கழியில் மக்களிசை' தொடங்கியது. கானாவும் ஒப்பாரியும் பறையும் யாரிடமும் இடம் கேட்காமல் தாமே மேடை போட்டுக்கொண்டன.

பறை பற்றி ஒரு சொல். பறையை மேடை ஏற்றுவதே விடுதலை என்று அவசரப்பட்டுச் சொல்லிவிட வேண்டாம். சாவுக்கும் தேருக்கும் அடித்தே ஆக வேண்டும் என்று நம் மேல் சுமத்தப்பட்ட வேலை அது. தென்னார்க்காட்டில் எல். இளையபெருமாள் போன்ற தலைவர்கள் பறையடிக்க மாட்டோம் என்று மக்களைத் திரட்டினார்கள். அதற்காக ஊர்கள் அடிபட்டன. பிறகு கே.ஏ. குணசேகரன் போன்ற கலைஞர்கள் அதே பறையை எதிர்ப்பின் கருவியாகக் கையில் எடுத்தார்கள். ஒருவர் இறக்கி வைத்தார், ஒருவர் தூக்கிப் பிடித்தார். இருவரும் கேட்டது ஒன்றுதான்: அடிப்பதா வேண்டாமா என்பதை நாங்கள் முடிவு செய்வோம். அலங்காநல்லூர் வேலு ஆசானுக்கு 2025இல் பத்மஸ்ரீ அறிவிக்கப்பட்டபோது நாம் மகிழ்ந்தது அந்த உரிமையின் பொருட்டே.

2024: பட்டம் யாருக்கு என்ற சண்டை

2024 மார்ச்சில் மியூசிக் அகாடமி அந்த ஆண்டின் சங்கீத கலாநிதியாக டி.எம். கிருஷ்ணாவை அறிவித்தது. உடனே ரஞ்சனி - காயத்ரி சகோதரிகள் அந்த ஆண்டு மாநாட்டிலிருந்து விலகுவதாக அறிவித்தார்கள். இன்னும் சிலர் சேர்ந்தார்கள். முன்பு பெற்ற பட்டத்தைத் திருப்பித் தருவதாகச் சொன்னார் ஒருவர். அவர்களுடைய முக்கியக் குற்றச்சாட்டு, கிருஷ்ணா பெரியாரைப் போற்றுகிறார் என்பது. அகாடமித் தலைவர் என். முரளி பணியவில்லை. இசைத் திறமையைப் பார்த்தே தேர்வு செய்தோம் என்றார். எம்.எஸ். பெயரில் ஆங்கில நாளேடு ஒன்று தரும் விருது நீதிமன்றம் வரை போனது. கலாநிதி பட்டம் 2025 புத்தாண்டு நாளில் கிருஷ்ணாவுக்கு வழங்கப்பட்டது.

அந்தச் சண்டையில் நாம் யார் பக்கம் என்பதில் குழப்பமில்லை. பெரியாரின் பெயரைச் சொன்னதற்காக ஒருவரைத் தள்ளிவைப்பது இசைப் பிரச்சினை அல்ல, சாதிப் பிரச்சினை. ஆனால் கவனியுங்கள். தள்ளிவைத்தவர்களும் தள்ளிவைக்கப்பட்டவரும் பட்டம் கொடுத்தவர்களும் ஏறக்குறைய ஒரே படியில் நின்றவர்கள். தமிழ்நாடே பார்த்த அந்த விவாதத்தில் மிருதங்கம் செய்பவர் ஒருவரின் குரல் நம் காதில் விழவில்லை.

மூடிய அறைக்கு வேறு விலையும் உண்டு. 2018இல் மீடூ குரல்கள் எழுந்தபோது, குற்றச்சாட்டுக்கு ஆளான ஏழு கலைஞர்களை அகாடமி அந்த ஆண்டு சீசனிலிருந்து நீக்கியது. 2023 மார்ச் இறுதியில் கலாக்ஷேத்ரா மாணவிகள் பாலியல் தொல்லைக்கு எதிராக வளாகத்திலேயே அமர்ந்து போராடினார்கள். ஆசிரியர் ஒருவர் கைதானார். குரு என்றால் கேள்வி கேட்கக் கூடாது என்ற மரபு, சாதியைக் காப்பாற்றியதைப் போலவே இதையும் காப்பாற்றியிருக்கிறது. அதை உடைத்தவர்கள் உங்கள் வயதுப் பெண்கள்.

இனி நாம் கேட்க வேண்டியது

ஒரு கலை நிறுவனம் திறந்திருக்கிறதா என்று பார்க்க நான்கு கேள்விகள் போதும். யார் தேர்வு செய்கிறார்கள்? எந்த விதிப்படி? பணம் யாருக்குப் போகிறது? பெயர் யாருக்குப் போகிறது? அடையாறில் உள்ள அரசு இசைக் கல்லூரியில் சேர்க்கைக்கு இடஒதுக்கீடு உண்டு. நம் பிள்ளைகள் அங்கே வாய்ப்பாட்டும் நாதஸ்வரமும் படிக்க முடியும். படித்து வெளியே வந்த பிறகு எந்தச் சபா அவர்களை மேடை ஏற்றியது? வாசல் அரசாங்கத்திடம் இருந்தால் சட்டம் திறக்கிறது. வாசல் கமிட்டியிடம் இருந்தால் 'தரம்' வந்து நிற்கிறது.

கலாக்ஷேத்ரா மத்திய அரசின் கலாசார அமைச்சகத்தின் கீழ் இயங்கும் நிறுவனம். 2005ஆம் ஆண்டின் தகவல் அறியும் உரிமைச் சட்டம் அதற்குப் பொருந்தும். பட்டியல் சாதி, பழங்குடி மாணவர்கள் எத்தனை பேர், ஆசிரியர்கள் எத்தனை பேர் என்று பத்து ரூபாய் கட்டணத்தில் கேட்கலாம். கேளுங்கள். வரும் பதிலை வெளியிடுங்கள். பதில் வராவிட்டால் மேல்முறையீடு செய்யுங்கள். சபாக்களிடம் சட்டப்படி கேட்க முடியாமல் போகலாம். ஆனால் ரசிகராகக் கேட்கலாம், எழுதிக் கேட்கலாம்: கச்சேரி அழைப்பிதழில் வாத்தியம் செய்தவர் பெயரைப் போடுவதற்கு உங்களுக்கு என்ன செலவு?

உங்கள் தெருவிலோ பக்கத்துத் தெருவிலோ மிருதங்கமோ தவிலோ பறையோ செய்யும் ஒருவர் இருப்பார். இந்த விடுமுறையில் போய் உட்காருங்கள். கைப்பேசியில் பதிவு செய்யுங்கள். யாருக்கெல்லாம் செய்து கொடுத்தார், என்ன கூலி வாங்கினார், எந்த வீட்டில் திண்ணையோடு நிறுத்தினார்கள் என்று கேளுங்கள். அவர் சொல்லும் பெயர்களை அவர் அனுமதியோடு எழுதுங்கள். சபாக்கள் தங்கள் நூற்றாண்டு மலர்களை அச்சிடும் காலம் இது. அவற்றில் விட்டுப்போகும் பக்கங்களை நாம் இப்போதே எழுதத் தொடங்குவோம்.

ஜெய்பீம்.